முறை அறிந்து பத்திரிகை அடிக்கும் அச்சகம்

தங்கை மகளின் திருமணப் பத்திரிகையை, சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் டன்லப் ஸ்ட்ரீட் பக்கம் மாடியில் இருக்கும் ஒரு சிறிய அச்சகத்தில் அடித்தோம். தமிழ் அழைப்பிதழுக்கு அந்த வட்டாரத்தில் எங்கே போவது என்று என்னை யார் கேட்டாலும் இனி அங்கேதான் அனுப்புவேன். கணவனும் மனைவியுமாக இருவரே வேலை பார்ப்பதால், பெயரை எழுதிக் கூட்டத்தைச் சேர்த்துவிட வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார். சிராங்கூன் சாலைப் பூமாலைக் கடைகளில் விசாரித்தால் வழி காட்டுவார்கள்.

பத்திரிகையில் அப்படி என்ன இருக்கிறது, தேதியும் மண்டபமும் சரியாக இருந்தால் போதாதா என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் சொந்தத்தில் வேறொரு திருமணத்துக்கு இன்னொரு கடையில் அடித்தார்கள். பெயர்ப் பட்டியலை ஆங்கிலத்தில் கொடுக்க, 'அங்கிள்' என்று இருந்த இடமெல்லாம் 'மாமா' ஆகி வந்தது. பெண்ணின் சித்தியை மணந்தவர் அவளுக்குச் சித்தப்பா. தகப்பன் ஸ்தானத்தில் நிற்க வேண்டிய அந்த மனிதரைக் கொண்டுபோய் மாமன் வரிசையில் நிறுத்திவிட்டார்கள். அவர் மண்டபத்துக்கு வந்தார், பின்வரிசையில் உட்கார்ந்தார், சாப்பிட்டார், யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார். இன்றுவரை அந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் பேச்சு குறைவு.

இந்த அச்சகத்தில் அந்த ஆபத்து இல்லை. போனவுடன் ஒரு தாளைக் கொடுக்கிறார்கள். அதில் 'இவர் உங்களுக்கு என்ன உறவு' என்ற கேள்வியே கிடையாது. அப்பாவுடன் பிறந்தவர்கள் யார் யார், மூத்தவர் யார், இளையவர் யார், யார் யாரை மணந்தார்கள். அதேபோல் அம்மாவுடன் பிறந்தவர்கள். அவ்வளவுதான். முறையை அவர்களே போட்டுக்கொள்கிறார்கள். அங்கிள், ஆன்ட்டி என்று அழைத்தே வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இது பெரிய உதவி. பெயரும் பிறந்த வரிசையும் அவர்களுக்குத் தெரியும், முறைதான் தெரியாது.

அந்தத் தாளை நிரப்பும்போது நம் உறவுமுறையின் ஒழுங்கு கண்முன்னே விரிகிறது. அப்பாவின் அண்ணனும் தம்பியும் பெரியப்பா, சித்தப்பா. அம்மாவின் அக்காளும் தங்கையும் பெரியம்மா, சித்தி; அவர்களை மணந்தவர்களும் பெரியப்பா, சித்தப்பாதான். இவர்களின் பிள்ளைகள் எல்லோரும் உடன்பிறப்புகள். அப்பாவின் சகோதரி அத்தை, அம்மாவின் சகோதரன் மாமா. அவர்களுடைய பிள்ளைகளோ முறைப்பையன், முறைப்பெண். எங்கள் வீட்டில் பெரியம்மாவின் கணவர் ஒருவர், பெண்ணின் அப்பாவைவிட வயதில் இளையவர். அவரைச் சித்தப்பா என்று போட்டுவிடுவார்களோ என்று பார்த்தேன். மனைவி மூத்தவள் என்பதால் பெரியப்பா என்றே சரியாக வந்திருந்தது. லூயிஸ் ஹென்றி மார்கன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1871இல் வெளியிட்ட பெரிய நூலில், நியூயார்க் பகுதிப் பூர்வகுடிகளான செனக்கா மக்களின் உறவுமுறையும் தமிழர்களின் உறவுமுறையும் இவ்வளவு ஒத்திருக்கின்றனவே என்று வியந்திருக்கிறார். அப்படி ஒருவர் கடல் தாண்டி வியந்த ஒழுங்கை, இங்கே நாம் ஒரே தலைமுறையில் நழுவவிடலாமா?

மாப்பிள்ளை வீட்டுப் பட்டியலில் ஒரு பெயருக்கு எதிரே 'ஆச்சி' என்று இருந்தது. உரிமையாளர் பேனாவை அங்கே வைத்து நிறுத்திவிட்டு, "அண்ணே, இவர்கள் திருநெல்வேலிப் பக்கமா, காரைக்குடிப் பக்கமா?" என்று கேட்டார். திருநெல்வேலியில் ஆச்சி என்றால் பாட்டி. காரைக்குடிப் பக்கத்து நகரத்தார் வீடுகளில் அக்காளும் ஆச்சிதான். நான் உடனே மாப்பிள்ளையின் அப்பாவுக்குத் தொலைபேசியில் பேசினேன். பாட்டிதான் என்றார். கேட்காமல் விட்டிருந்தால் எண்பது வயதுப் பாட்டி, 'மணமகனின் சகோதரிகள்' என்ற தலைப்பின் கீழே போயிருப்பார்.

என் தம்பியின் மனைவி சீனப் பெண், மணமகளுக்கு அத்தை. அவர் பெயரில் எது குடும்பப் பெயர் என்று கேட்டு, அதை முதலில் வைத்து, அவரையே உச்சரித்துக் குரல் பதிவு அனுப்பச் சொல்லிக் கேட்டுவிட்டுத் தமிழில் எழுதினார்கள். 'தாய்மாமன் – அத்தை' வரியில் தன் பெயரைப் பார்த்து அவர் அடைந்த மகிழ்ச்சி பெரிது. தமிழ் படிக்கத் தெரியாவிட்டாலும் எந்த வரி தன்னுடையது என்று கேட்டு, அதைப் படமெடுத்துத் தன் அம்மாவுக்கு அனுப்பினார்.

எல்லாவற்றையும்விட அவர்கள் செய்த பெரிய காரியம் ஒன்று உண்டு. தங்கையின் கணவர் இப்போது இல்லை. இப்படிப்பட்ட வீடுகளில் பெரியப்பா பெயரில் பத்திரிகை அடிப்பதுதான் பழக்கம். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்களும் அதையே எதிர்பார்த்தார்கள். பகலில் ஒரு வேலை, இரவில் ஒரு வேலை என்று பார்த்துப் பெண்ணை வளர்த்தவளின் பெயர் எங்கோ ஓர் ஓரத்தில் நிற்பதற்கு நான் சம்மதிக்கவில்லை. பெரியப்பாவும் நல்ல மனிதர். அவர் மனமும் நோகக் கூடாது. நாங்கள் இப்படித் திணறுவதைக் கேட்டுக்கொண்டிருந்த உரிமையாளரின் மனைவி, இரண்டு மாதிரிகள் தயாரித்துத் தருகிறேன், வீட்டில் காட்டுங்கள் என்றார். முதலாவது வழக்கப்படி. இரண்டாவதில் அழைப்பவர் தங்கை. மணமகளின் தந்தை பெயர் 'தெய்வத்திரு' என்ற அடைமொழியோடு. அடுத்த வரியிலேயே, பெரியப்பாவும் பெரியம்மாவும் கன்னிகாதானம் செய்து கொடுப்பதாக முழுப் பெயர்களோடு. பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் படித்தார். இரண்டாவதை என்னிடம் நீட்டி, "இப்படியே அடிக்கச் சொல்லுங்கள், மச்சான்" என்றார். தங்கை சமையலறைக்குள் போய் அழுதாள்.

திருவளர்ச்செல்வியா, திருநிறைச்செல்வியா என்றும் கேட்டார்கள். திருமணமாகாத தம்பி தங்கை வீட்டில் இருந்தால் 'திருவளர்', கடைசிப் பிள்ளையானால் 'திருநிறை' என்பது வழக்கமாம்.

குறைகளும் உண்டு. தங்க நிற எழுத்தில் 'ண', 'ஸ்ரீ' போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொண்டு சரியாகத் தெரியவில்லை. சிறிய எழுத்துக்குத் தங்க நிறம் கேட்காதீர்கள். கருஞ்சிவப்பு எடுப்பாக இருக்கிறது. வடிவமைப்புகள் பழையவை: குத்துவிளக்கு, வாழைமரம், பிள்ளையார், அதற்கு மேல் அதிகம் எதிர்பார்க்க முடியாது. ஆங்கிலப் பக்கத்தை ஏனோதானோவென்று போட்டிருந்தார்கள். நாங்களே திருத்தி எழுதிக் கொடுத்தோம். படிக்கட்டு செங்குத்து என்பதால் முழங்கால் வலி உள்ளவர்களை அழைத்துப் போக வேண்டாம்.

விலை கூடுதல்தான். உறையோடு 300 பத்திரிகைகளுக்கு 690 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஆனது; பக்கத்திலேயே 480 வெள்ளிக்குத் தருபவர்கள் இருக்கிறார்கள். அந்த 210 வெள்ளியை நான் மனமாரக் கொடுத்தேன். பாதிப் பணம் முன்னதாகவே கட்ட வேண்டும். தை, ஆவணி முகூர்த்தங்களுக்கு வேலை குவிந்துவிடுகிறது. ஆவணியில் திருமணம் என்றால் ஆனி பிறந்ததுமே தாளை நிரப்பிக் கொடுத்துவிடுங்கள். போகும் முன் இரு வீட்டிலும் பிறந்த வரிசையைக் கேட்டு எழுதிக்கொண்டு போனால் வேலை சீக்கிரம் முடியும்.