விருந்தினர் கையில் விறகு அடுப்பு: வார்ப்பிரும்பா, எஃகுத் தகடா?

பெங்களூரு அல்சூரில் இருக்கும் நாங்களும் அக்கா குடும்பமும் சேர்ந்து கோத்தகிரியில் ஒரு சின்ன வீடு வைத்திருக்கிறோம். மாதத்தில் ஒரு வாரக் கடைசிதான் நாங்கள் போவது. மற்ற நாட்களில் நண்பர்கள், அவர்களுடைய நண்பர்கள், சில சமயம் வாடகைக்கு வருபவர்கள். ஜனவரியில் ராத்திரிக் குளிர் பத்து டிகிரிக்குக் கீழே போய்விடும். கூடத்துக்கு எந்த விறகு அடுப்பு என்று எனக்கும் அத்தானுக்கும் மூன்று மாதம் பேச்சு ஓடியது. எங்கள் இருவருக்கும் விறகு எரிக்கத் தெரியும். ஆனால் முக்கால்வாசி நாள் அதை எரிக்கப்போவது வாழ்க்கையில் விறகையே தொடாத ஒருவர். அவரை மனதில் வைத்துத்தான் ஒவ்வொன்றையும் பார்த்தேன்.

வீட்டில் ஏற்கெனவே கல்லில் கட்டிய திறந்த கணப்பு உண்டு. குளிர் காய்ந்தபடி கதை பேச அதைப் போல எதுவும் வராது. ஆனால் விறகின் சூட்டில் பத்தில் ஒரு பங்கு அறைக்கு வந்தால் அதிகம். மிச்சமெல்லாம் புகைபோக்கி வழியே போகிறது, போகும்போது அறையில் இருக்கும் சூடான காற்றையும் இழுத்துக்கொள்கிறது. முகம் சுடும், முதுகு நடுங்கும். பொறி தெறித்துப் பாய் கருகிய தழும்பு இன்னும் தரையில் இருக்கிறது. கண்ணாடிக் கதவு போட்ட அடுப்பில் எழுபது சதவீதம் வரை சூடு அறைக்கு வரும், தீயும் கண்ணுக்குத் தெரியும்.

மரத்தூள் குச்சிகளை எரிக்கும் பெல்லட் அடுப்பைச் சீக்கிரமே தள்ளிவிட்டேன். சுவிட்ச் போட்டால் போதும், விருந்தினருக்கு ரொம்ப சௌகரியம்தான். ஆனால் குச்சியை உள்ளே தள்ளவும் காற்று ஊதவும் மின்சாரம் வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் மரம் விழுந்து கரண்ட் போகிற ஊர் அது. குளிர் அதிகமாக இருக்கும் ராத்திரியில் அடுப்பு அணைந்து கிடந்தால் என்ன பயன்? படுக்கையறைகளுக்கு மட்டும் எண்ணெய் நிரப்பிய மின் ஹீட்டர் வைத்தோம். இரண்டாயிரம் வாட், முழு வேகத்தில் மணிக்கு இரண்டு யூனிட்.

ஆக, உண்மையான போட்டி வார்ப்பிரும்புக்கும் எஃகுத் தகட்டுக்கும்தான். அத்தான் வார்ப்பிரும்புக் கட்சி. "அணைஞ்ச பிறகும் விடியிற வரைக்கும் கதகதன்னு இருக்கும்டா" என்பார். அது உண்மை. கனமான இரும்பு சூட்டைப் பிடித்து வைக்கும். ஆனால் அந்தக் கனம் சூடாகவும் நேரம் எடுக்கும். எங்கள் விருந்தினர் எப்படி வருகிறார்கள் என்று பாருங்கள். வெள்ளிக்கிழமை வேலை முடித்துக் கிளம்பி, பந்திப்பூர் காட்டுச் சாலையை இரவு ஒன்பதுக்கு மூடுவதற்குள் ஓடி, கோத்தகிரி சேரும்போது நள்ளிரவு. குழந்தைகள் தூக்கத்தில் விறைத்திருப்பார்கள். அவர்களுக்கு வேண்டியது உடனடிச் சூடு. தகடு அடுப்பு அரைமணிக்குள் கூடத்தைச் சூடாக்கிவிடும், வார்ப்பிரும்பு அதற்குள் தானே சூடாகி முடித்திருக்காது.

பழுது விஷயத்திலும் தகடுதான். அவசரத்தில் யாராவது கொதிக்கும் அடுப்பில் தண்ணீர் ஊற்றினால் வார்ப்பிரும்பு விரிசல் விடும், அதை ஒட்டுவது லேசான வேலை இல்லை. இணைப்புகளில் பூசிய சிமென்டும் சில வருடத்தில் உதிரும். தகடு அதிகச் சூட்டில் நெளியலாம், ஆனால் ஊரில் இருக்கும் வெல்டிங் பட்டறையிலேயே சரி செய்துகொள்ளலாம். ஐந்து மில்லிமீட்டருக்குக் குறையாத தகடு, உள்ளே வெப்பம் தாங்கும் செங்கல் என்று கேட்டு வாங்குங்கள். அந்தச் செங்கல் கொஞ்ச நேரம் சூட்டையும் பிடித்து வைக்கும்.

இறக்குமதி மாடல்களில் கேட்டலிஸ்ட், அதாவது புகையையும் எரிய வைக்கும் வினையூக்கி, வைத்தவை உண்டு. புகை மிகக் குறைவு. ஆனால் அடுப்பு நன்றாகச் சூடான பிறகுதான் புகையை அதன் வழியே திருப்பிவிட வேண்டும். பெயின்ட் அடித்த பலகையோ பளபளப்புக் காகிதமோ எரித்தால் கேட்டலிஸ்ட் கெட்டுவிடும். எங்கள் கணப்பில் பிஸ்கட் உறையும் காகிதத் தட்டும் பாதி எரிந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். கேட்டலிஸ்ட் இல்லாமல், மேல் துளைகள் வழியே இரண்டாம் காற்று விட்டுப் புகையை எரிக்கும் வகையிலும் அமெரிக்காவின் 2020 விதியை, அதாவது மணிக்கு இரண்டு கிராம் புகைத்துகள் என்ற வரம்பை, எட்டியவை இருக்கின்றன. காற்றுக்கு ஒரே கைப்பிடி இருக்கட்டும், அதையும் முழுதாக மூட முடியாதபடி ஒரு தடுப்பு வைக்கச் சொல்லுங்கள்.

அளவில்தான் நாங்கள் தப்பு செய்ய இருந்தோம். பெரிதாக வாங்கினால் நல்லது என்று பத்து கிலோவாட் அடுப்பு பார்த்தோம். கூடம் இருநூற்றைம்பது சதுர அடி, ஐந்து போதும். ஒரு கிலோ காய்ந்த விறகில் ஏறக்குறைய நான்கு யூனிட் சூடு இருக்கிறது, எழுபது சதவீதம் கிடைத்தாலே மூன்று யூனிட்டுக்குக் கிட்டே வரும், ஐந்து கிலோவாட்டுக்கு மணிக்கு இரண்டு கிலோ விறகே தாராளம். பெரிய அடுப்பில் வேர்த்துப் போய் விருந்தினர் காற்றை அடைத்துவிடுவார். விறகு எரியாமல் புகைந்து, தார் மாதிரிக் கருப்புப் பசையாகப் புகைபோக்கிக்குள் படியும். அது ஒருநாள் தீப்பிடித்தால் கூரையே போகும்.

ஈர விறகும் இதையேதான் செய்யும். வெட்டின கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் (வாட்டில் மரம்) பிளந்து ஒரு வருடமாவது காய வேண்டும். இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். காய்ந்தது 'டங்' என்று கேட்கும், ஈரமானது 'தொப்' என்று அடங்கும். பிடுங்கிப்போட்ட பழைய தேயிலைச் செடியின் கட்டை கிடைத்தால் விடாதீர்கள், கனமானது, நின்று எரியும்.

கடைசியில் எங்கள் வீட்டுக்கு வந்தது ஐந்து கிலோவாட் தகடு அடுப்பு. அத்தானுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அதோடு கூடத்திலும் இரண்டு படுக்கையறையிலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டினோம். அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது. மலை ஊர்களில் கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கி, காலையில் எழாமலே போனவர்களைப் பற்றிச் செய்திகளில் படித்திருப்பீர்கள். அடுப்புக்குப் பக்கத்தில் மூடி போட்ட தகர வாளி ஒன்றும் வைத்திருக்கிறோம். ஆறிவிட்டதாகத் தெரிகிற சாம்பலுக்குள் மறுநாளும் தணல் இருக்கும் என்று அதன் மூடியிலேயே தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் அக்கா எழுதி வைத்திருக்கிறாள்.