மிரிஸ்ஸவா, திருகோணமலையா: திமிங்கிலம் பார்க்க எங்கே போகலாம்?

இலங்கையின் தெற்குக் கரையில் மிரிஸ்ஸ, கிழக்குக் கரையில் திருகோணமலை. நீலத் திமிங்கிலம் இரண்டு கடலிலும் உண்டு. எங்கே போவது என்பதை முதலில் மாதம்தான் தீர்மானிக்கும்.

பருவம்: மிரிஸ்ஸவில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை, திருகோணமலையில் மே முதல் ஆகஸ்ட் வரை. தென்மேற்குப் பருவக்காற்றில் தெற்குக் கடல் கொந்தளிக்கும், கிழக்கு அடங்கியிருக்கும்.

படகு: மிரிஸ்ஸவில் கழிப்பறையுள்ள இரண்டு தட்டுப் படகு. திருகோணமலைக்கு அருகிலுள்ள நிலாவெளியில் சிறு ஃபைபர் படகு. நிழல் குறைவு, ஆனால் துள்ளும் டொல்பின்கள் கண்மட்டத்திலேயே தெரியும்.

நெரிசல்: மிரிஸ்ஸவில் அதிகம். பல படகுகள் சூழ்ந்தால் திமிங்கிலம் மூழ்கிவிடும். 100 மீற்றருக்குள் நெருங்காத படகோட்டியையே தேடிப் பிடியுங்கள், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

குமட்டல் மாத்திரையைப் புறப்பட ஒரு மணிநேரம் முன்பே போடுங்கள். வாந்தி தொடங்கியபின் பயனில்லை.

முதியவர், குழந்தைகளோடு என்றால் மிரிஸ்ஸ. படமெடுக்கத் திருகோணமலை.