காமராஜர் மண்டபம் பாக்க போறவங்க இந்த ஆட்டோ அண்ணன பிடிங்க

கன்னியாகுமரி ஸ்டாண்டுல அம்மாவுக்காக ஒரு ஆட்டோ பிடிச்சோம், அந்த அண்ணன் வெறும் டிரைவர் இல்ல, வண்டி முன்னாடி பெருந்தலைவர் படம், அதுக்கு தினமும் பிச்சிப்பூ. "67ல விருதுநகர்ல தோத்தவர 69 இடைத்தேர்தல்ல டெல்லிக்கு அனுப்புனது நம்ம நாரோயிலுல்லா (நாகர்கோவில்தான்) மக்கா"ன்னு சொல்லும்போது குரலே கம்மிடுச்சு. 57ல குளச்சல்ல ஜெயிச்ச லூர்தம்மாள் சைமன மந்திரியாக்கி மீன்வளத்த அவங்க கையில குடுத்தாருன்னதும் எங்கம்மா கண்ணு கலங்கிட்டு, அவங்களும் கடற்கரைக்காரிதானே. மண்டபத்துல, காமராஜர் அஸ்திய கடல்ல கரைக்குமுன்ன வச்சிருந்த இடம்னு சொல்லி செருப்ப கழட்டிட்டு நின்னாரு, அம்மா கைய பிடிச்சு படி ஏத்துனதும் அவருதான். திரும்ப வர கொஞ்சம் லேட்டாச்சு, வெயிட்டிங் சார்ஜ் கேக்கல. சில்லறை மட்டும் கையில வச்சுக்கோங்க.