டேப் அழிந்துவிட்டது என்றார்கள், அழியவில்லை

வீட்டில் பழைய வி.எச்.எஸ். கேசட் வைத்திருப்பவர்கள் அனைவரும், அதை எந்தக் கடையிலாவது கொடுத்து டிவிடியாக மாற்றுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் கொடுத்தது 1,500 ரூபாய். அந்தப் பணம் போனதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. "இனிமேல் கேசட் எதற்கு அண்ணா, இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள், நாங்கள் குப்பையில் போட்டுவிடுகிறோம்" என்று அந்தக் கடைக்காரர் சொன்னபோது சரி என்று தலையாட்ட இருந்தேனே, அதை நினைத்தால்தான் இன்றும் கை நடுங்குகிறது.

அக்காவின் கல்யாணம் 1994இல் நடந்தது. அதன் வீடியோ இரண்டு கேசட்டுகளில் இருந்தது. முதலாவதில் பெண்ணழைப்பும் முகூர்த்தமும், ஒரு மணி இருபது நிமிடம். இரண்டாவது, மூன்று மணி நேரம் ஓடும் இ-180 கேசட். அதில் பந்தி, வரவேற்பு, நலங்கு எல்லாம் சேர்ந்து இரண்டு மணி நாற்பது நிமிடம். அந்த நலங்கில்தான் எங்கள் அப்பாயி மாப்பிள்ளையைக் கேலி செய்து ஒரு பாட்டுப் பாடுவார். தானே கட்டிய பாட்டு. எங்கும் எழுதி வைத்ததில்லை. அப்பாயி 1999இல் காலமாகிவிட்டார். அவருடைய குரல் இருக்கும் ஒரே இடம் அந்தக் கேசட்தான்.

வீட்டிலிருந்த டெக், அதாவது கேசட்டை ஓட்டும் கருவி, பழுதாகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. புதிதாக வாங்கவும் வழியில்லை. உலகத்தில் கடைசியாக அந்தக் கருவியைத் தயாரித்து வந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம்கூட 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. அதனால்தான் கடையைத் தேடினேன். திருச்சியில் ஒரு கடை. வாசலில் பெரிய பலகை, உள்ளே இரண்டு கணினிகள். ஒரு கேசட்டுக்கு 600 ரூபாய், கேசட்டுக்கு ஒரு டிவிடி, பென்டிரைவில் ஒரு பிரதி வேண்டுமென்றால் 300 ரூபாய் கூடுதல் என்றார்கள். ஒப்புக்கொண்டேன். துண்டுச் சீட்டில் "2 கேசட், 1500" என்று எழுதிக் கொடுத்தார்கள். அதில் கடையின் பெயர்கூட இல்லை. அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

பத்து நாள் கழித்து அழகான உறைகளில் இரண்டு டிவிடிகள் வந்தன. வீட்டு பிளேயரில் போட்டால் எடுத்துக்கொள்ளவே இல்லை. கடைக்குத் திரும்பிப் போனேன். "உங்கள் பிளேயர் பழசு" என்றார் அந்தத் தம்பி. அவர்களுடைய கணினியில் அதே வட்டு ஓடியது. பிறகுதான் தெரிந்தது, வட்டை எழுதி முடித்ததும் செய்ய வேண்டிய ஃபைனலைஸ் என்ற கடைசி வேலையை அவர்கள் செய்யவே இல்லை. அது செய்யாத வட்டை எழுதிய கணினி படித்துவிடும். பெரும்பாலான வீட்டு பிளேயர்கள் படிக்காது. இரண்டு நிமிட வேலை. ஒரு முறையாவது சாதாரண பிளேயரில் போட்டுப் பார்த்திருந்தால் அவர்களுக்கே தெரிந்திருக்கும்.

சரிசெய்து வாங்கி வந்து, அம்மா, அக்கா, பிள்ளைகள் எல்லாரும் உட்கார்ந்து பார்த்தோம். முகங்கள் எல்லாம் பக்கவாட்டில் இழுத்து விட்டதுபோல் உப்பியிருந்தன. 4:3 அளவில் எடுத்த படத்தை டிவியின் அகலத்துக்கு இழுத்து நிரப்பியிருந்தார்கள். யாராவது கையை ஆட்டினால் அந்தக் கை முன்னும் பின்னும் உதறியது. தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளம். தவில்காரரின் கை தோலில் விழுந்து அரை வினாடி கழித்துத்தான் அடி கேட்டது. அட்சதை பொழிகிற இடத்தில் ஒரு அரிசி மணிகூடத் தெரியவில்லை. திரை முழுவதும் சதுரம் சதுரமாகக் கட்டிகள். அந்தக் கட்டிகளுக்கு நடுவே எங்கோ அக்காவின் முகம்.

இரண்டாவது வட்டைப் போட்டோம். அதிலும் பெண்ணழைப்பே வந்தது. இரண்டு வட்டிலும் ஒன்றேதான்! இரண்டு கேசட்டையும் ஒரே டிவிடியில் திணித்து, அதையே இரண்டு பிரதி எடுத்து, இரண்டு உறையில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அதுவும் பொறுத்துக்கொள்ளலாம். நலங்கு வந்தது. அப்பாயி சந்தனக் கிண்ணத்தைக் கையில் எடுத்தார். தொண்டையைச் செருமினார். வாயைத் திறந்தார். கறுப்பு. படம் முடிந்துவிட்டது.

மறுநாள் கடைக்குப் போய்க் கேட்டேன். அவர் சொன்னது ஒரே பதில்தான், எல்லாக் கேள்விக்கும்: "பழைய டேப் அப்படித்தான் அண்ணா இருக்கும்." சதுரம் ஏன்? பழைய டேப். ஒலி ஏன் பிந்துகிறது? பழைய டேப். பாட்டு எங்கே? "அதற்கு மேல் டேப் அழிந்துவிட்டது, ஒன்றும் இல்லை." அதோடுதான் கேசட்டைக் குப்பையில் போடும் யோசனையும். என்னவோ மனம் கேட்காமல் இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் நம்மில் பலர் ஏமாறுகிறோம். டேப்பின் குறைக்கு ஒரு முகம், கணினியில் நடந்த தவறுக்கு வேறொரு முகம். டேப் பழசானால் வெள்ளைக் கீற்றுகள் குறுக்கே ஓடும், நிறம் கசியும், படம் நெளியும், இரைச்சல் கேட்கும். திரையின் அடிவரிகள் சில கலைந்து ஆடும், அது வி.எச்.எஸ். கேசட்டில் எப்போதும் இருப்பதுதான். ஆனால் டேப்புக்குச் சதுரம் போடத் தெரியாது. சதுரக் கட்டி என்பது படத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிற எம்பெக் முறையின் கைவரிசை. போதுமான இடம் கொடுக்காமல் நெருக்கினால், அட்சதை மழைபோல் அசைவு மிகுந்த காட்சிதான் முதலில் உடையும்.

இடம் எவ்வளவு வேண்டும் என்பதை நீங்களே கணக்கிடலாம். சாதாரண டிவிடி 4.7 ஜிபி, அதாவது 37,600 மெகாபிட். அதை மொத்த வினாடிகளால் வகுத்தால், ஒலியையும் சேர்த்து வினாடிக்கு எத்தனை மெகாபிட் கிடைக்கும் என்பது வந்துவிடும். இரண்டு மணி நேரத்துக்கு 5.2 கிடைக்கும், இரைச்சல் நிறைந்த டேப் படத்துக்கு அது ஓரளவு போதும். எங்கள் வட்டில் 175 நிமிடம் இருந்தது. வகுத்துப் பாருங்கள், 3.6கூட வராது. ஏற்கெனவே எம்பெக்காகச் சுருக்கிப் பதிவு செய்ததை மறுபடியும் சுருக்கியிருந்தார்கள். கேசட்டுக்கு ஒரு வட்டு என்று பேசியபடி செய்திருந்தால் முதல் கேசட்டை மறுபடி தொடவே தேவையிருந்திருக்காது.

பென்டிரைவுக்குக் கொடுத்த 300 ரூபாய்தான் உண்மையைக் காட்டிக்கொடுத்தது. அதில் இரண்டு கோப்புகள் இருந்தன. அக்கா மகன் அவற்றை மீடியா இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் திறந்தான். 720 × 576, வினாடிக்கு 25 படங்கள், ஒலி 48 கிலோஹெர்ட்ஸ், வினாடிக்கு சுமார் 6 மெகாபிட். எல்லாம் முறையாகவே இருந்தது. பிறகு இரண்டாவது கோப்பின் அளவைப் பார்த்தான். 3.99 ஜிபி. "மாமா, இது டேப் முடிந்த இடம் இல்லை, டிஸ்க் முடிந்த இடம்" என்றான்.

அவன் விளக்கியதை அப்படியே எழுதுகிறேன். ஃபேட் 32 என்ற பழைய முறையில் ஃபார்மேட் செய்த ஹார்ட் டிஸ்க்கில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தொட முடியாது. எத்தனை ஜிபி காலியாக இருந்தாலும் அதுதான் எல்லை. 6 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்தால் ஒரு மணி முப்பத்தைந்து நிமிடத்தில் அந்த எல்லை வந்துவிடும். எங்கள் இரண்டாவது கோப்பின் நீளம் அதேதான். முதல் கேசட் ஒரு மணி இருபது நிமிடம் என்பதால் தப்பித்தது. கடையில் டெக்கை ஓடவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள். டேப் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது, அப்பாயி பாடிக்கொண்டே இருந்திருக்கிறார், கணினி மட்டும் எழுதுவதை நிறுத்திவிட்டது. திரும்பி வந்து பார்த்தவர் கோப்பைச் சேமித்து, "அழிந்துவிட்டது" என்று முடித்துவிட்டார்.

இன்னொரு சான்றும் கண் முன்னேயே இருந்தது. பதிவு உண்மையிலேயே முடிகிற இடத்தில் டேப் சட்டென்று கறுப்பாகாது. வெள்ளைப் புள்ளிகள் கொதிக்கும், இல்லாவிட்டால் டெக் நீலத் திரையைக் காட்டும். எங்களுடையது வாய் திறந்த நிலையில் கத்தரித்ததுபோல் நின்றது.

கும்பகோணத்தில் பெரியப்பா வீட்டுப் பரணில் ஓடுகிற டெக் ஒன்று இருந்தது. முதலில் கேசட்டின் கண்ணாடி வழியாகச் சுருளின் விளிம்பைப் பார்த்தோம். வெள்ளையாகப் பூத்திருந்தால் பூஞ்சை. அப்படியே ஓட்டினால் டெக்கின் ஹெட்டும் கெடும், அடுத்துப் போடும் கேசட்டுக்கும் ஒட்டிக்கொள்ளும். நல்லவேளை, சுத்தமாக இருந்தது. ஒரு முறை கடைசிவரை சுற்றி, திரும்பவும் முன்னுக்குச் சுற்றி, பிறகு ஓடவிட்டோம். நலங்கு வந்தது. கிண்ணம், செருமல். பாட்டு! முழுப் பாட்டும். இடையில் வரி மறந்து போய்ச் சிரிக்கிறார், பக்கத்திலிருந்த சின்ன அத்தை எடுத்துக் கொடுக்கிறார், மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொள்கிறார். அம்மா எழுந்து போய் டிவியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

அக்கா மகன் அதை மறுபடி பதிவு செய்தான். டிஸ்க்கை, 4 ஜிபி எல்லை இல்லாத என்.டி.எஃப்.எஸ். முறைக்கு மாற்றினான். ஒலி பிந்தியதற்குக் காரணம், சிக்னல் ஆடும் இடங்களில், டெக்கிலிருந்து வருவதைக் கணினியில் ஏற்றும் கடையின் கேப்சர் கருவி படங்களை விழுங்கியது. 25 படம் விழுங்கினால் படம் ஒரு வினாடி முந்திவிடும், ஒலி தன் வேகத்திலேயே வரும். அதனால்தான் நேரம் ஆக ஆக இடைவெளி கூடியது. இந்த முறை டெக்குக்கும் கணினிக்கும் நடுவே ஒரு பழைய டிவிடி ரெக்கார்டரை வைத்தான். அதன் வழியாகப் போகும்போது சிக்னலின் ஆட்டம் அடங்கிவிடுகிறது. கை உதறியதற்குக் காரணம் வரிகளின் வரிசை. நம் நாட்டில் பயன்பட்ட பால் (PAL) என்ற வீடியோ முறையில் ஒவ்வொரு படமும் இரண்டு பாதிகளாக, ஒற்றைப்படை வரிகள் தனி, இரட்டைப்படை வரிகள் தனி என்று வரும். எந்தப் பாதி முதலில் என்பதை டிவிடி தயாரிக்கும் மென்பொருளில் மாற்றிக் குறித்துவிட்டால் நடப்பவன் பின்னால் போய் முன்னால் வருவான். அதையும் பார்த்துச் சரியாக வைத்தான். அட்சதை இப்போது அரிசியாகவே விழுகிறது.

நீங்கள் கொடுக்கத்தான் வேண்டும் என்றால், கொடுக்கும் முன் கேசட்டின் முதுகில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் தகட்டை உடைத்துவிடுங்கள். தவறுதலாக மேலே பதிவாகாது. மொத்த நேரம் எவ்வளவு, கேசட்டில் என்னென்ன நிகழ்ச்சி என்று எழுதி, கடைக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள். சுருக்கி டிவிடியாக்கிய பிரதி மட்டும் போதாது, முதலில் பதிவு செய்த மூலக் கோப்பும் வேண்டும் என்று முன்பே சொல்லுங்கள். பணம் கொடுப்பதற்கு முன் கடையிலேயே ஒவ்வொரு கோப்பின் கடைசி ஐந்து நிமிடத்தையும் ஓட்டிப் பாருங்கள். ஆரம்பத்தை எல்லாரும் பார்ப்பார்கள், அது நன்றாகவே இருக்கும். கேசட்டைத் திருப்பி வாங்காமல் படியிறங்காதீர்கள். மாற்றி முடித்த பிறகும் அதைத் தூக்கிப் போடாதீர்கள், கோப்புகள் இரண்டு மூன்று இடங்களில் இருந்தாலும்கூட. சரியான ரசீது இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். என் துண்டுச் சீட்டை வைத்துக்கொண்டு நான் அதிகம் பேச முடியவில்லை.

புதிய பதிவைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்கு இன்னொரு முறை போனேன். அப்பாயி பாடுவதை அவருடைய கணினியிலேயே ஓட்டிக் காட்டினேன். சிறிது நேரம் பார்த்தார். "டெக்கு டெக்கு மாறும் அண்ணா" என்று சொல்லி 500 ரூபாயை எடுத்து மேசையில் வைத்தார். மற்றவர்களுக்கும் இப்படித்தான் செய்தீர்களா, அந்த ஹார்ட் டிஸ்க்கை மாற்றினீர்களா என்று கேட்டேன். பதில் இல்லை. அவருக்குப் பின்னால் இருந்த அலமாரியில் ஒன்பது கேசட்டுகள் அடுக்கியிருந்தன. மேலே இருந்ததன் முதுகில் நீல மையில் "தாத்தா சஷ்டியப்த பூர்த்தி" என்று எழுதி, அடியில் 3 மணி நேரம் என்று கோடிட்டிருந்தார்கள்.