அல்புமின் பக்லிடாக்சல்: கூடுதல் விலைக்குத் தகுமா?

கடலூர், பண்ருட்டி பக்கமிருந்து கீமோவுக்குப் புதுச்சேரி வருகிறவர்களின் சீட்டில் பக்லிடாக்சல் என்ற புற்றுநோய் மருந்தின் பெயர் அடிக்கடி இருக்கும். அதில் இரண்டு வகை உண்டு. மருந்து தண்ணீரில் கரையாது என்பதால், பழைய வகையில் விளக்கெண்ணெயிலிருந்து செய்த கரைப்பானும் ஆல்கஹாலும் சேர்த்திருக்கும். ஒவ்வாமைக்குப் பெரும்பாலும் அந்தக் கரைப்பான்தான் காரணம். முன்னதாகப் போடும் ஸ்டீராய்டு, அலர்ஜி ஊசி, மூன்று மணி நேர டிரிப், தனி டியூப், ஃபில்டர் எல்லாம் அதற்காகத்தான்.

புது வகை, கணைய மாற்று அறுவை சிகிச்சை நிபுணரும் ஆய்வாளருமான பேட்ரிக் சூன்-ஷியோங் நடத்திய கம்பெனியிலிருந்து வந்தது. எண்ணெயை விட்டுவிட்டு, ரத்தத்தில் உள்ள அல்புமின் என்ற புரதத்தின் மேலேயே மருந்தை ஏற்றினார்கள். துகள் சுமார் 130 நானோமீட்டர். ஆப்ராக்சேன் என்ற பெயரில் 2005-ல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. இப்போது இந்தியத் தயாரிப்புகளும் உண்டு.

டிரிப் 30 நிமிடம்தான். பெரும்பாலானோருக்கு முன்கூட்டி ஸ்டீராய்டு வேண்டாம். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும் என்பதால், சர்க்கரை நோயாளிக்கு இது பெரிய நிம்மதி. பழைய வகையோடு ஒப்பிட்ட மார்பகப் புற்றுநோய்ச் சோதனையில் கட்டி சுருங்கியவர்களும் அதிகம்.

சறுக்குவது கலக்கும்போது. 100 மி.கி. குப்பிக்கு 20 மி.லி. சலைன். அதைக் குப்பியின் உட்சுவரில் படும்படி, குறைந்தது ஒரு நிமிடம் எடுத்து, மெதுவாக விட வேண்டும். பொடியின் மேல் நேராகப் பீய்ச்சினால் நுரை கட்டும். பிறகு ஐந்து நிமிடம் அசைக்காமல் வைத்து, இரண்டு நிமிடம் மெல்லச் சுழற்ற வேண்டும், குலுக்கவே கூடாது. நுரைத்துவிட்டால் கால் மணி நேரம் காத்திருக்கலாம். கட்டியில்லாமல் பால் போல வர வேண்டும்.

குறையும் சிறியதல்ல. கை கால் மரத்துப்போவது பழைய வகையைவிட இதில் அதிகம். சட்டைப் பொத்தான் போடச் சிரமம், செருப்பு நழுவுவது தெரியாமை என்று எது தொடங்கினாலும் அடுத்த ஊசிக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். அளவைக் குறைத்தோ தள்ளிப்போட்டோ சமாளிக்கலாம். ரத்தப் பரிசோதனையில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு ஒரு மைக்ரோலிட்டருக்கு 1500-க்குக் கீழே இருந்தால் ஊசி கிடையாது.

பழைய வகை ஒத்துக்கொள்கிற எல்லாரும் இதற்கு மாற வேண்டியதில்லை. கரைப்பானால் அலர்ஜி வந்தவர்கள், ஸ்டீராய்டு தாங்காதவர்கள் கூடுதல் விலை கொடுக்கலாம்.

வெளியே வாங்கி வரச் சொன்னால், பெட்டியில் அல்புமின் என்ற சொல் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும்போது உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு இதில் 260 மி.கி., பழையதில் 175. பெயர் ஒன்றுதானே என்று மாற்றிப் போட்டால் ஆபத்து.