சுவரா, அச்சுத்தாளா?

ஜூடி பாக்கா, எஸ்தர் எர்னாண்டஸ் இருவரும் சிக்கானாக்கள், அதாவது அமெரிக்காவில் பிறந்த மெக்சிக வம்சாவளிப் பெண்கள். இருவரும் ஓவியர்கள், ஒரே தலைமுறை, ஆனால் ஓவியத்தால் போராடிய வழி வேறு.

பாக்கா 1976-ல் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு வெள்ள வடிகாலின் கான்கிரீட் சுவரில் கலிஃபோர்னியா வரலாற்றை வரையத் தொடங்கினார். நீளம் சுமார் அரை மைல். 400-க்கும் மேற்பட்ட இளைஞர்கள் கோடைக்காலங்களில் இறங்கி வேலை செய்தார்கள்; அவர்களில் சிலர் போலீஸ் வழக்குகளில் சிக்கியவர்கள். பூர்வகுடிகள், 1930-களில் மெக்சிகோவுக்குத் துரத்தப்பட்ட குடும்பங்கள், இரண்டாம் உலகப்போரில் முகாம்களில் அடைக்கப்பட்ட ஜப்பானிய அமெரிக்கர்கள் என்று பாடப்புத்தகம் தாண்டிப்போன ஆட்கள் எல்லாம் அந்தச் சுவரில் இருக்கிறார்கள். என்ன வரைந்தார் என்பதைவிட யாரை வைத்து வரைந்தார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

எர்னாண்டஸ் பண்ணைத் தொழிலாளர் வீட்டுப் பெண். சொந்த ஊர்த் தண்ணீரில் பூச்சிமருந்து கலந்திருந்த கோபத்தில், சன்-மெய்ட் (Sun-Maid) என்ற அமெரிக்க நிறுவனத்தின் உலர்திராட்சைப் பெட்டியில் சிரிக்கும் பெண்ணை 1982-ல் எலும்புக்கூடாக வரைந்தார். ஸ்கிரீன் பிரிண்ட், அதாவது ஒரே படத்தைப் பல தாள்களில் அச்சிடும் முறை என்பதால் பிரதிகள் ஊர் ஊராகப் போயின. சுவருக்கு அந்த வசதி கிடையாது, நாம்தான் அங்கே போக வேண்டும்.

சரி, வேகத்தில் எர்னாண்டஸ்தான் முந்துகிறார். ஆனாலும் வரைந்த பிள்ளைகளுக்குச் சம்பளமும் கிடைத்ததே, என் ஓட்டு பாக்காவுக்கு.