திஹுவானாவில் வீடு கட்டப் போகும் பிள்ளைகள்: ஒரு மிஷன் முகாம் பற்றி என் மதிப்பீடு

வசந்த விடுமுறை வந்தால் தெற்குக் கலிபோர்னியாவின் சபைகளிலிருந்து வாலிபர் ஐக்கியப் பிள்ளைகள் வேன் வேனாக மெக்சிகோ எல்லையைத் தாண்டுவார்கள். திஹுவானாவின் ஓரத்தில் இருக்கும் மண் குன்றுகளில் ஏதோ ஒரு குடும்பத்துக்கு நான்கு நாளில் வீடு கட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்புவார்கள். இந்த வருடம் என் மகளும் பெயர் கொடுத்தாள். அவளுக்கு 15 வயது. இத்தனை பிள்ளைகளுக்கு இத்தனை பெரியவர்கள் கூட வர வேண்டும் என்று முகாம் நடத்துகிறவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள், அதனால் நானும் போனேன். தொழிலில் நான் சிவில் எஞ்சினியர். தகப்பன் கண்ணோடு பார்த்ததையும் எஞ்சினியர் கண்ணோடு பார்த்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். குறைகளும் சொல்லப் போவதால் அமைப்பின் பெயரைப் போடவில்லை. இதே மாதிரி முகாம் நடத்துகிற அமைப்புகள் அந்தப் பக்கம் பல இருக்கின்றன.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பிள்ளைகளை அனுப்பலாம். அதற்கு எனக்கு இருக்கும் முதல் காரணம், இந்தப் பயணத்தில் விமான டிக்கெட் கிடையாது என்பதுதான்.

விமான டிக்கெட்டை ஏன் இழுக்கிறேன் என்றால், 1998இல் மிட்ச் புயல் ஹோண்டுராஸைப் புரட்டிப் போட்ட பிறகு வட அமெரிக்காவிலிருந்து சபைக் குழுக்கள் வரிசையாக அங்கே வீடு கட்டப் போயின. கர்ட் வெர் பீக் என்ற சமூகவியலாளர் பிற்பாடு அந்தக் கணக்கை எடுத்துப் பார்த்தார். அங்கே ஒரு வீட்டுக்கு ஆன செலவு சுமார் 2,000 டாலர். ஒரு குழு போய்வர ஆன செலவு சுமார் 30,000 டாலர். குழுக்கள் கட்டிய வீட்டில் குடியேறியவர்களுக்கும் உள்ளூர் ஆட்கள் கட்டிய வீட்டில் குடியேறியவர்களுக்கும் இடையில் அவர் பெரிய வித்தியாசம் எதையும் காணவில்லை. இதைப் படித்த பிறகு எந்த மிஷன் பயண விண்ணப்பம் வந்தாலும் எனக்குள் எழுகிற முதல் கேள்வி, இந்தப் பணத்தில் எவ்வளவு வீட்டுக்குப் போகிறது, எவ்வளவு நம்மைச் சுமந்து போவதற்குப் போகிறது என்பதுதான்.

நாங்கள் ஆளுக்கு 400 டாலர் சொச்சம் கட்டினோம். அந்த வீட்டுக்கான மரம், சிமெண்ட், கூரை எல்லாம் இதற்குள் அடக்கம். சாப்பாட்டையும் வேன் பெட்ரோலையும் சபை பார்த்துக்கொண்டது. சாமான்களைத் திஹுவானாவிலேயே வாங்குகிறார்கள், அமெரிக்காவிலிருந்து ஏற்றிப் போவதில்லை. கணக்கு கேட்டேன், தயங்காமல் காட்டினார்கள். பாதிக்கு மேல் வீட்டுக்கே போயிருந்தது. இரண்டு மணி நேர ஓட்டத்தில் இருக்கும் ஊர் என்பதால்தான் இது சாத்தியம். டல்லாஸிலிருந்தோ நியூ ஜெர்சியிலிருந்தோ பிள்ளைகளை விமானத்தில் ஏற்றி இதே வேலைக்கு அனுப்பினால் என் பதில் வேறாக இருக்கும்.

இரண்டாவது காரணம், குடும்பத்தைத் தேர்ந்தெடுப்பது நாம் இல்லை. அந்தப் பகுதிப் போதகர்கள் சேர்ந்து முடிவு செய்கிறார்கள். குடும்பத்துக்குச் சொந்த மனை இருக்க வேண்டும், அல்லது தவணை கட்டி வாங்கிக்கொண்டிருக்க வேண்டும், அதற்குக் காகிதம் காட்ட வேண்டும். சபைக்கு வருகிறவராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எங்களுக்குக் கிடைத்த குடும்பம் கத்தோலிக்கர்கள். வீட்டுக்காரர் தொலைக்காட்சிப் பெட்டி பூட்டும் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வந்து எங்களோடு நிற்பார். திஹுவானாவில் நிறைய வேலை இப்படித்தான், எல்லைக்கு வடக்கே விற்கப் போகும் பொருளைத் தெற்கே பூட்டுவது. நம் வரவேற்பறையில் இருக்கும் டிவி அவர் கைபட்டு வந்ததாகவே இருக்கலாம் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். வேனில் அதன்பிறகு வெகுநேரம் பேச்சே இல்லை.

அந்தக் குன்றுகளைப் பார்த்தால் வேலை தெரிந்தவனுக்கு மரியாதைதான் வரும். பழைய டயர்களை மண் நிரப்பி அடுக்கித் தாங்குசுவர் எழுப்பியிருக்கிறார்கள், படிக்கட்டும் டயர்தான். சான் டியாகோவில் கழற்றிப் போட்ட கராஜ் கதவுகள் இங்கே வந்து வீட்டுச் சுவராக நிற்கின்றன. குழாய் எட்டாத மேட்டில் லாரித் தண்ணீர் வாங்கி டிரம்மில் பிடித்து வைக்கிறார்கள். இவ்வளவு கெட்டிக்காரத்தனம் உள்ளவர்களுக்கு நாம் கற்றுக் கொடுக்க ஒன்றும் இல்லை. முகாம் நடத்துகிறவர்களும் இதை அறிமுகக் கூட்டத்திலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்: நீங்கள் சித்தாள், மேஸ்திரி உள்ளூர்க்காரர், அவர் சொன்னதைச் செய்யுங்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

இனி வேலை. 11 அடிக்கு 22 அடி வீடு, இரண்டு அறை. மின்கருவி எதுவும் கிடையாது, கைரம்பம், சுத்தியல், மண்வெட்டி, கரணை அவ்வளவுதான். முதல் நாள் கான்கிரீட் தளம். 4 அங்குலக் கனத்துக்கு 80 கன அடி கலவை வேண்டும், கிட்டத்தட்ட 5.5 டன். அத்தனையும் தகரத் தொட்டியில் பிள்ளைகள் கையால் கலக்கியது. மணல் இத்தனை வாளி, ஜல்லி இத்தனை வாளி, சிமெண்ட் இவ்வளவு என்று ஒருத்தி உரக்க எண்ணுவாள், இரண்டு பேர் எதிரெதிரே நின்று மண்வெட்டியால் இழுப்பார்கள். வெயில் ஏற ஏறக் கை ஓய்ந்து, கலக்க லேசாக இருக்கட்டும் என்று ஒரு பையன் இன்னொரு வாளித் தண்ணீரைத் தூக்கினான். மேஸ்திரி ஓடிவந்து அவன் கையைப் பிடித்துவிட்டார். கூடுதல் தண்ணீர் ஊற்றினால் கலவை இளகும், ஆனால் தளத்தின் பலம் போய்விடும். எங்கள் கட்டட வேலையின் முதல் பாடமே அதுதான். ஸ்பானிஷ் தெரியாத பிள்ளைகளுக்கு அவர் எப்படிப் புரியவைத்தார் தெரியுமா? முந்தைய வேலையில் மிச்சமாகி இறுகிப்போயிருந்த ஒரு கட்டியை எடுத்துவந்து விரலாலேயே உதிர்த்துக் காட்டினார். அப்புறம் தண்ணீர் வாளியை அவரைக் கேட்காமல் யாரும் தொடவில்லை.

அடுத்த நாள் மரச்சட்டங்கள். தரையிலேயே படுக்கப் போட்டு ஆணி அடித்து, எல்லோருமாகத் தூக்கி நிறுத்தி, ரசமட்டம் வைத்துப் பார்த்தோம். பிறகு சுற்றிலும் கம்பி இழுத்து, தார்க் காகிதம் ஒட்டி, அதன்மேல் கோழி வலை அடித்துச் சாந்து பூச வேண்டும். பூச்சு வேலை பார்க்க எளிது, செய்யக் கடினம். கரணையில் எடுத்த சாந்து முதலில் எல்லாம் காலடியிலேயே விழுந்தது. என் மகள் இரண்டாவது நாள் அழுதுவிட்டாள், உள்ளங்கை கொப்பளித்திருந்தது. வீட்டுக்கார அம்மா அவள் கையைப் பார்த்துவிட்டு, கழுவித் துணி சுற்றி, கரணையை எப்படிச் சாய்த்துப் பிடிப்பது என்று தானே பூசிக் காட்டினார்கள். மாலைக்குள் ஒரு சன்னலுக்குக் கீழே உள்ள சுவர் முழுதும் இவர்கள் இருவரின் வேலை. மேஸ்திரி அதில் மட்டப்பலகையை ஓட்டிப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார். திருத்தவில்லை.

வேலையின் தரத்தைப் பற்றி எஞ்சினியராக எனக்கு ஒரே ஒரு மனக்குறை. தளமும் பூச்சும் பல நாள் ஈரத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெடிப்பு விடும். நாங்கள் கிளம்பிவிடுகிறோம், க்யூரிங் வேலை அந்த அம்மா தலையில். காலையும் மாலையும் நனைக்கச் சொல்லி மேஸ்திரி பாடம் நடத்திவிட்டுத்தான் போனார். ஆனால் அந்தத் தண்ணீர் காசு கொடுத்து லாரியில் வாங்கும் தண்ணீர், குடிக்கவும் அதுவேதான். வீட்டுச் செலவோடு ஒரு லாரித் தண்ணீரையும் சேர்த்துக் கட்டணம் வாங்கியிருக்க வேண்டும். எங்கள் குழுவில் கையில் இருந்ததைச் சேர்த்து ஒரு லாரிக்குக் கொடுத்தோம். எல்லாக் குழுவுக்கும் இது தோன்றும் என்று சொல்ல முடியாது. ஊர் வந்ததும் அமைப்புக்கு எழுதினேன். அடுத்த பருவத்திலிருந்து சேர்க்கிறோம் என்று பதில் வந்தது.

அதே கடிதத்தில் எழுதிய இன்னொரு விஷயத்துக்குப் பதில் இன்னும் வரவில்லை. அதுதான் என்னை அதிகம் வருத்தியது. சாவி கொடுக்கும் நேரத்தில் அமைப்பின் ஆள் ஒருவர் கேமராவோடு வந்தார். வீட்டுக்கார அம்மா சாவியை வாங்கும்போது அழுதார்கள். வெளிச்சம் சரியில்லை என்று சாவியைத் திரும்ப வாங்கி இன்னொரு தடவை கொடுக்கச் சொன்னார். அந்த அம்மா மறுபடியும் நின்றார்கள். மறுக்க முடியாத இடத்தில் அவர்கள் இருந்தார்கள், எங்களுக்கு அது தெரிந்திருந்தது. பக்கத்து வீட்டுக் குழந்தைகளைத் தோளில் தூக்கிவைத்துப் படம் எடுப்பதையும் யாரும் தடுக்கவில்லை. போன் வேலை இடத்துக்கு வரக்கூடாது என்று விதி எழுதியிருக்கிறார்கள், காகிதத்தோடு சரி. நம் பிள்ளை படிக்கும் பள்ளிக்குள் யாரோ புகுந்து இப்படிப் படம் எடுத்தால் நாம் விடுவோமா? பெற்றோர் பதிவு செய்யும்போதே இதைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

மாலை ஜெபக் கூட்டங்கள் எளிமையாக, நன்றாக இருந்தன. கிதார் ஒன்று, வேத வாசிப்பு, அன்றைக்கு என்ன பார்த்தாய் என்று ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி. மேடைப் பேச்சோ கையைத் தூக்கச் சொல்லும் கூட்டமோ இல்லை. எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. பாளையங்கோட்டையில் 1903இல் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கத்துக்காக எங்கள் வீட்டில் அம்மா உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் போடுவார்கள், அது சேர்ந்து கோயிலுக்குப் போகும். தெலுங்கு தேசத்தின் டோர்னக்கலில் யாரோ ஊழியம் செய்ய எங்கள் வீட்டு அரிசி போனது, அம்மா அந்த ஊரைப் பார்த்ததே இல்லை. அன்றிரவு கூடாரத்துக்கு வெளியே உட்கார்ந்து மகளிடம் இதைச் சொன்னேன். “அப்பா, அப்போ அந்த மாதிரி ஒரு பானையில் ஒரு வருஷம் நானும் இந்த வீட்டுக்காக ஏதாவது போடலாமா?” என்று கேட்டாள். லாரித் தண்ணீருக்கு மாதாமாதம் 10 டாலர் எடுத்து வைக்கிறாள்.

சாப்பாடு சுமார். கூடாரம் நம்முடையதே கொண்டு போக வேண்டும், ராத்திரி குளிரும். கழிவறை நடமாடும் பெட்டிகள், தினமும் சுத்தம் செய்தார்கள். குளியல் வாளித் தண்ணீரில்.

பாதுகாப்பு பற்றிக் கேட்பீர்கள். அமெரிக்க வெளியுறவுத் துறை, திஹுவானா இருக்கும் பாஹா கலிபோர்னியா மாநிலத்துக்கு, பயணத்தை மறுபரிசீலனை செய்யுங்கள் என்ற அளவில் பல வருடங்களாக எச்சரிக்கை வைத்திருக்கிறது. அதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். முகாமில் இருட்டிய பிறகு வண்டி எடுக்க விடவில்லை, வேன்கள் ஒன்றாகவே போயின, பெரியவர்கள் எல்லோருக்கும் பின்னணிச் சோதனை செய்திருந்தார்கள்.

காகித வேலையை ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். தாய் தகப்பன் இருவரும் கையெழுத்துப் போட்டு நோட்டரி சான்று வாங்கிய அனுமதிக் கடிதம் வேண்டும். அமெரிக்கக் கார் இன்சூரன்ஸ் மெக்சிகோவில் செல்லாது, வேனுக்குத் தனியாக எடுக்க வேண்டும். இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் பிள்ளைக்கு, செல்லத்தக்க அமெரிக்க விசாவோ கிரீன் கார்டோ இருந்தால் மெக்சிகோ விசா தேவையில்லை. பாஸ்போர்ட்டில் விசா முத்திரை காலாவதியாகி, அமெரிக்கக் குடியேற்றத் துறை தரும் ஒப்புதல் காகிதமான ஐ-797 மட்டும் கையில் இருந்தால் அது போதாது, நம் வீடுகளில் எச்-1பி வேலை விசாக்காரர்களின் பிள்ளைகளாக எச்-4 விசாவில் இருக்கும் பலர் இந்த நிலையில்தான் இருக்கிறார்கள். திரும்பும்போது சான் இசித்ரோ எல்லையில் பல மணி நேரம் நிற்க வேண்டிவரும், வேனில் தண்ணீரும் கொறிக்க ஏதாவதும் வைத்துக்கொள்ளுங்கள். தோல் கையுறை ஆளுக்கு இரண்டு ஜோடி.